வீடு கொடுக்கலாம், எங்கே கொடுப்பது?



நடைபாதையில் வாழும் சென்னைக் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் மனம் கனத்து எழுதியிருக்கிறீர்கள். சிலர் உதவ வழி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவரின் கடிதம்தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. "படித்தேன், வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வீடில்லாத எல்லோருக்கும் அரசாங்கம் இலவசமாக வீடு கொடுப்பது நடக்கிற காரியமா? இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இ.எம்.ஐ. கட்டினேன். என்னைப் போன்றவர்களின் வரிப்பணம்தானே அது?" என்று கேட்டிருக்கிறார். அவர் கோபத்தில் எழுதவில்லை. விடை தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்வதாகவே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நடக்கிற காரியம்தான். தமிழ்நாட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டும் இருக்கிறது. பணமில்லாமல் நாம் தோற்கவில்லை. எந்த இடத்தில் வீடு கொடுக்கிறோம் என்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறோம்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிராமத்துக் குடிசைகளை மாற்றத் தமிழக அரசு 2024இல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2030க்குள் 8 லட்சம் வீடுகள். ஒவ்வொன்றும் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பெருக்கினால் 28,000 கோடி வருகிறது. கேட்டதும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் அது ஆறு வருஷத்துக்கான தொகை. தமிழ்நாட்டின் ஒரு வருஷ பட்ஜெட்டே 4 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அப்படிப் பார்த்தால் அரசு செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இந்த வீடுகளுக்குப் போவது ஒன்றேகால் ரூபாய்க்கும் குறைவு. இதற்கு முன்னால் 2010இல், 21 லட்சம் குடிசைகளை மாற்றுவதற்கென்று கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. ஆட்சி மாறி 2011இல் ஜெயலலிதாவின் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கி, 2016இல் பிரதமரின் பெயருக்கு மாறி, இன்றும் ஓடுகிறது. ஆட்சிகள் மாறினாலும் வீடு கட்டுவது நிற்கவில்லை. குறைகள் எவ்வளவோ உண்டு. தொகை போதாமல் தாலிக்கொடியை அடகு வைத்துத் தளம் போட்டவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நாம் சிறுவயதில் பார்த்த கீற்றுக் கொட்டகைத் தெருக்கள் பல, இன்று காரை வீடுகளாக நிற்கின்றன.

இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் கைகூடியதற்குக் காரணம் எளிமையானது. வீடு பெற்றவர் எங்கே குடிசை போட்டிருந்தாரோ அங்கேயே கட்டிக்கொண்டார். அதே தெரு, அதே கிணறு, அதே வேலை, பிள்ளைக்கு அதே பள்ளிக்கூடம். மனை அவருடையதாக இருந்தது, அல்லது ஊரிலேயே நத்தத்தில் ஒரு துண்டு கிடைத்தது. நகரத்தில் இருப்பவருக்கு அந்தத் துண்டு கிடையாது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் போகும் முன் வரிப்பணக் கேள்விக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கடன் வட்டிக்காக வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளப் பழைய வருமான வரி முறை இடம் கொடுக்கிறது. அசலுக்கும் தனியாகக் கழிவு உண்டு. நானும் அதைப் பல வருஷம் பெற்றிருக்கிறேன். கடிதம் எழுதிய வாசகரும் பெற்றிருப்பார். அரசுக்கு வரவேண்டிய வரியில் நம் வீட்டுக்காக விட்டுக்கொடுக்கப்பட்ட பங்கு அது. வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகரும் கே.கே. நகரும் பெசன்ட் நகரும் யாருக்காக உருவாயின? கிராமத்து நிலங்களை அரசு கையகப்படுத்தி, சாலை போட்டு, நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்துக்கு மனையாகப் பிரித்துக் கொடுத்தது. அது தவறென்று நான் சொல்லவில்லை. அரசு நமக்கும் தோள் கொடுத்திருக்கிறது. நமக்கு வந்த உதவிக்கு 'சலுகை' என்றும் 'திட்டம்' என்றும் பெயர் இருந்தது. அவர்களுக்குப் போவதை மட்டும் 'இலவசம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

சென்னையில் நடந்ததைப் பார்ப்போம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷமே குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. மெரினா ஓரத்தில் நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் வாரியம் கட்டிய அடுக்குமாடி வீடுகளை இந்த ஊரில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சின்ன வீடுகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டுகள். ஆனால் குடிசை இருந்த மண்ணிலேயே கட்டினார்கள். மீனவர் வீட்டு வாசலில் நின்றால் அவருடைய படகு தெரியும். மீன் விற்கும் பெண் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தே மயிலாப்பூர் போய்விடலாம். வசதியில் எவ்வளவு குறை இருந்தாலும், வீடு கிடைத்ததால் பிழைப்பு போனவர்கள் அங்கே இல்லை.

அடுத்த கட்டம் 1977இல் உலக வங்கிக் கடனோடு வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொஞ்ச காலம் கழித்து முகப்பேர். இந்தத் திட்டத்தை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். அரசு வீடு கட்டித் தரவில்லை. ஏறத்தாழ ஒரு சென்ட் அளவுள்ள சிறு மனைகளைப் பிரித்து, சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தது. சில மனைகளில் கழிவறையும் ஒரு சின்ன அறையும் மட்டும் கட்டிக் கொடுத்தது. மீதியைக் குடும்பம் தன் கையில் காசு வரவரக் கட்டிக்கொண்டது. முதலில் கீற்று, பிறகு ஓடு, மகன் வேலைக்குப் போனதும் தளம், மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாடி. அதே மனைப்பிரிவில் பெரிய மனைகளை வசதியுள்ளவர்களுக்குச் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். டாக்டர் வீடும் டிரைவர் வீடும் அடுத்தடுத்த தெருவில் அமைந்தன. அந்தக் காலத்தில் 'ஊருக்கு வெளியே காட்டில் கொடுக்கிறார்கள்' என்று குறை சொன்னவர்கள் உண்டு. இன்றைய முகப்பேரில் மனை விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்த ஆய்வாளர்களும், எல்லாத் தட்டு மக்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக இவை வளர்ந்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பலன் முழுதாகத் தெரிவதற்கு முன்பே அந்த வழியைக் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

2000க்குப் பிறகு வேறு பாதை. நகரத்துக்குள் நிலம் விலை ஏறிவிட்டது. ஆற்றங்கரையைச் சுத்தப்படுத்த வேண்டும், பாலம் கட்ட வேண்டும், பறக்கும் ரயில் விட வேண்டும். அங்கே இருந்தவர்களை எங்கே கொண்டுபோவது? பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி, லிப்ட் வைத்த கட்டடங்களில் 20,000க்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையில் இருந்த குடும்பங்களை லாரிகளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளத்துக்குத் தப்பிக்கக் கொண்டுவந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. செம்மஞ்சேரி மழைக்கு மிதப்பதைத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு நவம்பரிலும் பார்க்கிறோம். படிப்பு பாதியில் இருந்தபோதே, பரீட்சை வரும் நேரத்தில், பிள்ளைகள் இடம்பெயர்ந்தார்கள். அந்த வருஷத்தோடு படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் முழுதாக எண்ணிப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் விடியும் முன்பே பெரும்பாக்கம் போயிருந்தேன். நான்கரை மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் பெண்கள் நிற்கிறார்கள். தலை பின்னி, பூ வைத்து, கையில் ஒயர்கூடையோடு. அதில் ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மாற்றுப் புடவை. எல்லோரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எங்கே போகிறார்கள்? முன்னால் அவர்கள் குடியிருந்த இடத்துக்கே. சைதாப்பேட்டை ஆற்றோரம் இருந்து வந்த ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அங்க இருக்கச் சொல்ல நாலு வூட்டு வேல செஞ்சேன்மா. ஆறு மணிக்கு ஒரு வூடு, எட்டு மணிக்கு ஒரு வூடு. நடுவுல வந்து கொழந்தைக்குச் சோறு ஊட்டிட்டுப் போவேன். இங்க வந்தப்புறம் ஆறு மணி வூடு போயிடுச்சி. பஸ்ஸு லேட்டாச்சின்னா எட்டு மணி வூட்டம்மாவும் திட்டும். இப்ப ரெண்டு வூடுதான்."

"வீடு எப்படி இருக்கு?"

"வூடு நல்லாத்தாம்மா இருக்குது. பாத்ரூம் உள்ளவே கீது. பொம்பளப் புள்ளைய வச்சிக்கினு அங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லிப்ட்டு ஓடாத அன்னிக்கு எங்க மாமியார எறக்க முடியாது, அதான்."

அந்த அம்மா சொன்னதில் என் விடை முழுவதும் இருக்கிறது. வீட்டை அவர் குறை சொல்லவே இல்லை. உள்ளேயே இருக்கும் அந்தக் குளியலறை அவர் மகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நான்கு வீடுகள் இரண்டாகின. மாச வருமானம் பாதியானது. அரசு அவருக்கு இலவசமாகக் கொடுத்த வீட்டுக்கு அவர் மாசாமாசம் தன் கூலியில் பாதியை விலையாகக் கொடுக்கிறார். யாருடைய கணக்கிலும் அந்தத் தொகை ஏறவில்லை. நகரத்துக்குள் நிலம் விலை அதிகம் என்று நாம் மிச்சம் பிடித்தோமே, அந்த மிச்சம் அவருடைய சம்பளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. இந்தக் குடியிருப்புகளில் அது செய்த நன்மையை நேரில் பார்த்தவர்கள், அதை ஓட்டுக்கான இலவசம் என்று ஒதுக்க மாட்டார்கள். டிக்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காசு வீட்டுக்கு வந்தது. ஆனால் டிக்கெட் காசைத் திருப்பித் தரலாம், பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்தை எந்த அரசாணையும் திருப்பித் தராது.

"வீட்டைக் கொடுத்தால் விற்றுவிட்டு மறுபடி பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறார்களே" என்பது இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் குற்றச்சாட்டு. உண்மைதான், சிலர் வாடகைக்கு விட்டார்கள், சிலர் கைமாற்றிவிட்டார்கள். உங்கள் மகனுக்குச் சம்பளம் பாதியாகும் ஊரில் நல்ல வீடு கிடைத்தால் அவர் என்ன செய்வார்? வீட்டை வாடகைக்கு விட்டு, வேலை இருக்கும் ஊரில் ஒரு சின்ன இடம் பார்த்துக்கொள்வார். அதை நாம் புத்திசாலித்தனம் என்போம். கூவம் கரையிலிருந்து வந்தவர் அதையே செய்தால் நன்றி கெட்டவர் என்கிறோம். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகவே ஒப்புக்கொண்டது. வேலை பக்கத்தில் இருப்பதால்தான் இவர்கள் அங்கே வாழ்கிறார்கள், இடத்தைப் பறித்தால் வாழ்வாதாரத்தைப் பறிப்பதாகும், வாழும் உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடக்கம் என்றது. தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் ஏழைகளை மட்டும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் குவித்ததில், முகவரியே ஒரு சுமையாகிவிட்டது. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது என்று பக்கத்து ஊரின் பெயரைச் சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்த ஊரிலிருந்துதான் 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் கார்த்திகா வந்தார். கண்ணகி நகர் கார்த்திகா என்றே ஊர் பெயரோடு சேர்த்து அவரைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணும் அவருடைய பயிற்சியாளரும் செய்ததை ஒரு வாரியமும் செய்யவில்லை.

இலங்கையின் அனுபவம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிரதமராக இருந்த பிரேமதாச 1984இல் பத்து லட்சம் வீடுகள் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசே கட்டிக் கொடுப்பதை விட்டுவிட்டு மக்களுக்குச் சிறு கடன் கொடுத்து அவர்களையே கட்டவைத்தார். 1987ஐ வீடற்றோருக்கான உலக ஆண்டாக ஐ.நா. கொண்டாடியதே இலங்கை முன்வைத்த யோசனைதான். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்ட வீடுகளில், முதல் ஆயிரத்தை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 முதல் பெரும்பகுதியைப் பயனாளிகளே கட்டினார்கள், ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். போரில் எல்லாம் இழந்தவர்கள் தங்கள் காணியில், தங்கள் கிணற்றடியில், எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று தாங்களே முடிவு செய்தார்கள். பொருள் விலை ஏறித் தொகை பற்றாமல் கடன்பட்டவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நடைபாதைக் குடும்பங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடற்றவர்கள் என்று பதிவானது. சென்னையில் மட்டும் 16,000க்கும் மேல். இவர்களில் பலர் நேற்று ரயிலேறி வந்தவர்கள் இல்லை. கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, இவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

சென்ற இதழ்க் கட்டுரையை எழுதிய நிருபரோடு நானும் ஒரு மாலை சௌகார்பேட்டைப் பக்கம் போனேன். கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகுதான் அங்கே வீடு தொடங்குகிறது. ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவர். விரல் நுனிகள் சிவந்து தோலுரிந்திருந்தன. அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். குடும்பத்தின் சொத்து முழுவதும் ஒரு மீன்பாடி வண்டியில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் ஆதார் அட்டைகளும் மட்டும் மழைக்கு நனையாதபடி ஒரு எவர்சில்வர் தூக்கில். ஐந்து பேருக்குக் கட்டணக் கழிவறை, குளியல், குடிக்கத் தண்ணீர், இதற்கே ஒரு நாளைக்கு நூறு ரூபாய் கிட்டப் போய்விடுகிறது என்றார். மாசத்துக்கு மூவாயிரம். வடசென்னையில் ஒரு சின்ன அறையின் வாடகையில் பெரும்பங்கு அது. அவரால் வாடகை கொடுக்க முடியும். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், கழிவறைக்கு.

பிறகு ஏன் வாடகைக்குப் போகவில்லை? "பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாங்கம்மா" என்றார். தினக்கூலி வாங்குகிறவரால் மொத்தமாக நாற்பதாயிரம் புரட்ட முடியாது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, வழக்கம் அதை மதிப்பதில்லை. அட்வான்ஸைப் புரட்டினாலும், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால் அவர் எந்தத் தெருவைச் சொல்வார்?

இரவுக் காப்பகங்கள் இருக்கின்றன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று வீதம் நகரங்களில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன பிறகு, சென்னை மாநகராட்சி பலவற்றை நடத்துகிறது. ஆதரவற்ற முதியவருக்கும், அரசு மருத்துவமனையில் நோயாளியோடு வந்து வாசலில் படுத்துக் கிடப்பவருக்கும் அவை பெரிய ஆறுதல். ஆனால் பெரும்பாலும் ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு ஓரிடம் என்று பிரித்தவை. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், வண்டி நடுத்தெருவில் என்று எந்தக் குடும்பம் போகும்?

பின்லாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அங்கே 18,000 பேர் அளவில் வீடற்றவர்கள் இருந்தார்கள். குடியை விடு, வேலை தேடு, ஒழுங்காக இரு, பிறகு வீடு என்பதுதான் அங்கும் பழைய முறை. 2008இலிருந்து அதைத் தலைகீழாக மாற்றினார்கள். முதலில் வீடு. சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம், சொந்தச் சாவி. மற்றவை பிறகு, அதுவும் அவர் விரும்பினால். ஹெல்சின்கியில் காப்பகமாக இருந்த கட்டடத்தையே தனித்தனிச் சிறு வீடுகளாக மாற்றினார்கள். 1985இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை, நகரம் முழுக்கச் சாதாரணக் கட்டடங்களில் ஒன்றிரண்டாக வீடுகளை வாங்கி இவர்களுக்கு வாடகைக்கு விட்டது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் இவர் யார் என்று தெரியாது. எண்ணிக்கை 4,000க்கும் கீழே வந்தது. அங்கே வீடு இலவசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் வாடகை கட்டுகிறார்கள், முடியாதவருக்கு அரசின் உதவித்தொகை கைகொடுக்கிறது. 2024இல் எண்ணிக்கை மீண்டும் சற்று ஏறியது. வாடகை உதவியை அரசு வெட்டிய காலம் அது.

பணக்கார நாடு, குளிர் நாடு, நமக்கு ஒத்துவராது என்று தள்ளிவிடாதீர்கள். இதே வழியை நம் சென்னையிலேயே ஒரு அமைப்பு செய்து காட்டியிருக்கிறது. மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களை மீட்க 1993இல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, வருஷக்கணக்காகக் காப்பகத்திலேயே தங்கிவிட்ட பெண்களுக்காக 2015இல் ஒரு மாற்று வழியை ஆரம்பித்தது. நாலைந்து பெண்கள் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர். அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். இவர்களாலேயே தனி வீட்டில் வாழ முடிகிறது என்றால், காலையில் எழுந்து மண்டிக்குப் போய் உழைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு என்ன தடை?

கட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதுச் சுவரின் பூச்சு கை பட்டதும் உதிர்ந்தது. அதே வருஷக் கடைசியில் திருவொற்றியூரில் 1993இல் கட்டிய அடுக்கு ஒன்று இடிந்து 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கட்டியவர் யார், பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்காமல் அடுத்த அடிக்கல்லை நாட்டக் கூடாது.

ஆகவே வாசகருக்கு என் விடை இது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இலவச வீடு தேவையில்லை. குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு இருக்கும் இடத்திலேயே வீடு வேண்டும். கட்டி முடியும் வரை பக்கத்திலேயே தங்க வாடகையும், முடிந்ததும் கையில் கிரயப் பத்திரமும் வேண்டும். முகப்பேரில் செய்ததுபோல் புறநகரில் மனை கொடுப்பதானால், எல்லாத் தட்டினரும் கலந்த மனைப்பிரிவாக, ரயிலும் பேருந்தும் முதலில் வந்த பிறகு கொடுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்தில் ஒரு பங்கை நலிந்தோருக்கு ஒதுக்க வேண்டுமென்று விதியே இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது அரசு தங்குமிட நிதிக்கென்று வசூலிக்கவும் செய்கிறது. அந்தப் பணத்தை நகரத்துக்குள் நிலமாகவும் வீடாகவும் மாற்ற வேண்டும், இன்னொரு பெரும்பாக்கமாக மாற்றக் கூடாது. நடைபாதைக் குடும்பத்துக்கோ அட்வான்ஸுக்கு அரசு ஜாமீன் நின்றாலே போதும், பலர் அடுத்த மாதமே ஒரு கூரைக்குள் போய்விடுவார்கள். ஜாமீனுக்காக ஒதுக்கும் பணம் பெரும்பாலும் திரும்பி வரும் பணம்.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் வாசகர்களில் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் ஒரு அறையோ சின்ன போர்ஷனோ காலியாக இருந்தால், மூன்று மாத அட்வான்ஸுக்கு ஒரு நடைபாதைக் குடும்பத்துக்குக் கொடுக்க மனமிருந்தால், அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இந்தக் குடும்பங்களோடு பல வருஷமாக வேலை செய்யும் நண்பர்களிடம் பேசியிருக்கிறோம். குடும்பத்தை அறிமுகம் செய்துவைப்பதும், முதல் ஒரு வருஷம் இரு தரப்புக்கும் நடுவில் நின்று பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. மிளகாய் கிள்ளும் அந்த அம்மாவுக்கு மண்டியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இடம் வேண்டும். மூத்த மகள் பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதப் போகிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்